இடிபாட்டுக்குள் இருப்பவரைக் கண்டுபிடிக்க ரேடார் போதுமா? கடைசி வருட ப்ராஜெக்டுக்கு ஆலோசனை தேவை

தாமிரபரணி_இசிஇ (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலி பக்கம் ஒரு கல்லூரியில் இசிஇ கடைசி வருடம் படிக்கிறேன். நாங்கள் நாலு பெண்கள் ஒரு குழு. இடிந்த கட்டடத்திலோ நிலச்சரிவிலோ சிக்கிக்கொண்டவர்களை, அவர்கள் விடும் மூச்சை வைத்தே கண்டுபிடிக்கும் கருவி செய்வதாக எழுதிக் கொடுத்து, தலைப்புக்கு ஒப்புதலும் வாங்கிவிட்டோம்.

கையில் இருப்பது ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் மாட்யூல். தோழியை ஒரு பிளைவுட் கதவுக்குப் பின்னால் நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தால், மூச்சு ஏறி இறங்குவது லேப்டாப்பில் அழகான அலையாக வருகிறது. அதே தோழியை ஹாஸ்டலின் செங்கல் சுவருக்குப் பின்னால் உட்காரவைத்தால் கோடு கலங்கிப்போகிறது. மழை பெய்து சுவர் ஊறியிருந்த அன்று ஒன்றுமே வரவில்லை.

இன்னொரு விஷயமும் மனதை உறுத்துகிறது. 2024-இல் வயநாடு நிலச்சரிவு நடந்தபோது, ஆகஸ்ட் 2 அன்று முண்டக்கையில் ரேடாரில் மூச்சு போல ஒரு சிக்னல் கிடைத்திருக்கிறது என்று எல்லா சேனலிலும் சொன்னார்கள். வீட்டில் அத்தனை பேரும் டிவி முன்னால்தான் இருந்தோம். இருட்டிய பிறகும் தோண்டினார்கள், யாரும் இல்லை. அவ்வளவு பெரிய கருவிக்கே அந்த நிலை என்றால் எங்கள் மாட்யூல் எம்மாத்திரம்?

எந்த அலைவரிசைக்குப் போனால் காங்கிரீட்டைத் தாண்டும்? முண்டக்கையில் ஏன் அப்படி ஆனது? களத்தில் வேலை செய்பவர்கள் ரேடாரை நம்புகிறார்களா, மோப்ப நாயைத்தான் நம்புகிறார்களா? எங்கள் கைடு, ரேஞ்சைக் கூட்டிக் காட்டினால் போதும் என்கிறார். எனக்கு அது மட்டும் போதும் என்று தோன்றவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கோவை_ஆர்எஃப்

அலைவரிசைக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மற்றதைக் களம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

24 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 12.5 மில்லிமீட்டர். மூச்சு விடும்போது மார்பு சில மில்லிமீட்டர் அசைகிறது. அந்த அசைவைப் பிடிக்க இது அருமையான அலைவரிசை, ஆனால் சுவரைத் தாண்டுவதற்கு லாயக்கில்லை. இதில் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, முன்னாலேயே நடந்து பார்த்த பாதை இருக்கிறது. அமெரிக்காவில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் குன்-மு சென் என்பவரின் குழு 1980களிலேயே 10 கிகாஹெர்ட்ஸில் மூச்சையும் இதயத் துடிப்பையும் பிடித்துக் காட்டியது. பூகம்ப இடிபாட்டுக்கு என்று வந்தபோது அவர்களே 1150 மெகாஹெர்ட்ஸுக்கும் 450 மெகாஹெர்ட்ஸுக்கும் இறங்கினார்கள்.

சரி, அப்படியென்றால் இறங்கிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். அங்கே கம்பி குறுக்கே வருகிறது. ஸ்லாப்புக்குள் கட்டியிருக்கும் கம்பி வலையின் கண், அலைநீளத்தைவிட மிகச் சிறியதாகிவிட்டால் வலை முழுத் தகடு மாதிரி அலையைத் திருப்பி அனுப்பிவிடும். 450 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு, 1150-இல் கால் மீட்டர் போல. ஆழம் வேண்டுமா, கம்பி வலையைத் தாண்ட வேண்டுமா என்று இரண்டையும் எடைபோட்டுத்தான் தேர்வு செய்ய வேண்டும். ஈரம் இன்னொரு தலைவலி. உங்கள் ஹாஸ்டல் சுவரே அதைச் சொல்லிவிட்டது, தண்ணீர் அலையைக் குடித்துவிடும்.

நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையோடு சேர்ந்து செய்த 'ஃபைண்டர்' என்ற ரேடார் கருவி பற்றிப் படித்துப்பாருங்கள். சூட்கேஸ் அளவுதான். இடிபாடு என்றால் 30 அடி, திடமான காங்கிரீட் என்றால் 20 அடி வரை இதயத் துடிப்பைப் பிடிக்கும் என்று அறிவித்தார்கள். 2015 ஏப்ரல் 25 நேபாள பூகம்பத்துக்குப் பிறகு சௌதாரா என்ற ஊரில் அதை வைத்து நாலு பேரை உயிரோடு எடுத்தார்கள். அங்கே அவர்கள் மேல் கிடந்தது செங்கல், சேறு, மரம், 10 அடி வரைக்கும். அறிவித்த 30 அடியையும் உண்மையில் ஆளை எடுத்த 10 அடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் கைடிடம் ரேஞ்ச் பற்றிப் பேசும்போது உதவும்.

---

பழைய_விசில்

கேள்வியைக் காலையிலேயே பார்த்தேன்ம்மா. பதில் கொஞ்சம் நீளும். மீட்புப் படையில் வேலை பார்த்து, கடைசி வருடங்களில் இடிபாட்டுத் தேடலுக்குப் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்றவன் நான்.

முண்டக்கையில் ரேடார் தோற்றுவிட்டது என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே ஏதோ ஒன்று சீராக அசைகிறது என்று கருவி சொன்னது. தவளையாகவோ பாம்பாகவோகூட இருந்திருக்கலாம் என்றார்கள். இருக்கலாம் என்று ஒரு கருவி சொன்னால் தோண்டியே ஆக வேண்டும், தோண்டினார்கள். சில மணி நேரம் போனது, அவ்வளவுதான். அந்த இடத்தில் பொறுப்பு என் கையில் இருந்திருந்தால் நானும் அதையேதான் செய்யச் சொல்லியிருப்பேன்.

நான் பயப்படுவது இதற்கு நேர் எதிரான தவறுக்கு. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில், டாக்கா பக்கத்தில் சாவாரில், ராணா பிளாசா இடிந்தது. 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். இனி உயிரோடு யாரும் இருக்க வழியில்லை என்ற முடிவுக்கு வந்து பெரிய இயந்திரங்களை இறக்கி அள்ளிக்கொண்டிருந்தார்கள். 17-ஆம் நாள், மே 10 அன்று, ஒரு பெண் உள்ளேயிருந்து தட்டினார். அருகில் இருந்தவர்கள் காதில் விழுந்தது, இயந்திரங்களை நிறுத்தினார்கள், உயிரோடு எடுத்தார்கள். அந்தச் சத்தம் யார் காதிலும் விழாமல் போயிருந்தால் ஹிட்டாச்சி அந்த இடத்தையும் அள்ளியிருக்கும்.

ஆகவே உங்கள் கருவி 'ஆள் இருக்கிறார்' என்று தப்பாகச் சொன்னால் நேரம் போகும். 'ஆள் இல்லை' என்று தப்பாகச் சொன்னால் ஓர் உயிர் போகும். காரணம், 'இல்லை' என்று கேட்டதும் பொறுப்பில் இருப்பவர் அடுத்த மூலைக்குப் போய்விடுவார், பின்னாலேயே ஹிட்டாச்சி வரும். நீங்கள் எத்தனை அடி பார்க்கும் கருவி செய்தாலும் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

களத்தில் என்ன நடக்கும் என்று கேட்டீர்கள். வண்டியிலிருந்து இறங்கியதும் யாரும் கருவியை எடுப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர், வாட்ச்மேன், மேஸ்திரி, டீக்கடைக்காரர், இவர்களிடம்தான் முதலில் போவோம். யார் யார் உள்ளே, எந்த மாடி, அந்த நேரத்துக்கு என்ன செய்துகொண்டிருப்பார்கள், சமையலா, தூக்கமா, கூலி வாங்கக் கீழே நின்றார்களா. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் விழுந்ததே, அது ஒரு சனிக்கிழமை சாயந்திரம். 61 பேர் இறந்தார்கள், 27 பேரை உயிரோடு எடுத்தார்கள். உள்ளே எத்தனை பேர் என்பதே முதல் நாள் உறுதியாகத் தெரியவில்லை. வேலை செய்தவர்களில் நிறையப் பேர் ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். இந்த மாதிரி இடத்தில் மெகாபோனில் கூப்பிடத் தெலுங்கும் ஒடியாவும் தெரிந்த ஆள் வேண்டும். மூன்று நாள் இருட்டில் கிடப்பவரைப் புரியாத பாஷையில் "தட்டுங்கள்" என்றால் எப்படித் தட்டுவார்? மிக விலையுயர்ந்த கருவியோடு வந்த குழுவும் இந்த விஷயத்தில் கோட்டைவிடலாம்.

அடுத்தது அமைதி. நீளமாக ஒரு விசில் ஊதினால் எல்லாரும் நிறுத்த வேண்டும், மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று என்றால் வேலையைத் தொடரலாம். குட்டையாக மூன்று என்றால் உயிர் தப்பி வெளியே ஓட வேண்டும். இது உலகம் முழுக்க மீட்புக் குழுக்களுக்குப் பொதுவான விதி. 2017-இல் மெக்சிகோ நகர பூகம்பத்தில் முஷ்டியை உயர்த்திக் காட்டினால் தெருவே அடங்கிப்போனது. 2023 பிப்ரவரி துருக்கி பூகம்பத்தில் அமைதிக்குப் பிறகு ஒருவர் குனிந்து, "என் குரல் யாருக்காவது கேட்கிறதா?" என்று கத்துவார், பிறகு அத்தனை பேரும் காது கொடுப்பார்கள். நம் ஊரில் இதுதான் கஷ்டம். ஜெனரேட்டரை அணைக்கச் சொன்னால் அணைக்க ஆள் இருக்க மாட்டார், கூட்டம் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி பேசிக்கொண்டே நிற்கும், நடுவில் யாராவது முக்கியப் புள்ளி சைரனோடு வருவார்.

காதால் கேட்கும் கருவி பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் ரேடாருக்கும் அதில் பாடம் இருக்கிறது. பயிற்சி மைதானத்தில் உடைந்த ஸ்லாப்புகளையும் ஹியூம் பைப் என்கிற பெரிய காங்கிரீட் குழாய்களையும் குவித்து வைத்திருப்போம். ஒரு பையனை உள்ளே படுக்கவைத்துவிட்டு மேலே ஆறு சென்சார்களைப் பரப்புவோம். சென்சார் உள்ளங்கைக்கு அடக்கமான உலோக டப்பி. அதைத் தளர்ந்த மண்ணில் வைத்தால் பயனில்லை. ஸ்லாப்பின் மேல் தூசியைக் கையால் தள்ளிவிட்டு, ஆடாமல் அழுத்தி உட்காரவைக்க வேண்டும். ஹெட்போனை மாட்டியதும் முதலில் கேட்பது உள்ளே இருப்பவனின் சத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். மேலே நிற்பவர்களின் பூட்ஸ் கேட்கும், ரோட்டில் போகும் லாரி கேட்கும், வெயில் ஏறும்போது ஸ்லாப் விடும் சடக் சத்தம் கேட்கும், எங்கேயோ உடைந்த குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்கும். புதுப் பையன்களை ஏமாற்றுவது அந்தச் சொட்டுதான். சீராக வருவதால் ஆள் தட்டுகிறான் என்று கை தூக்கிவிடுவார்கள். அதற்காகத்தான் "ஐந்து தடவை தட்டுங்கள்" என்று கூப்பிட்டுச் சொல்கிறோம். ஐந்து வந்து நின்றால் மனிதன். தண்ணீருக்கு எண்ணத் தெரியாது. பிறகு ஆறில் எந்த சென்சாரில் பலமாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம் மற்ற ஐந்தையும் நகர்த்திக்கொண்டே போய் இடத்தைக் குறுக்குவோம்.

இதில் ஒரு வேலையை நான் யாரையும் தவறவிட அனுமதிப்பதில்லை. சென்சாரைப் பரப்பியதும் ஓர் ஆளை இடிபாட்டின் மறுபக்கத்துக்கு அனுப்பி, அங்கிருந்து ஒரு கல்லால் தட்டச் சொல்வோம். அந்தத் தட்டு ஹெட்போனில் கேட்கிறதா? கேட்டால், உள்ளே ஒருவர் தட்டினாலும் கேட்க வாய்ப்பிருக்கிறது. கேட்கவில்லை என்றால், நடுவில் மண்ணோ மணலோ சத்தத்தை விழுங்குகிறது, அப்போது ஹெட்போனில் வரும் மௌனத்துக்கு எந்த அர்த்தமும் கிடையாது. 'இல்லை' என்று எழுதக் கூடாது, 'இந்த இடத்தில் இந்தக் கருவியால் சொல்ல முடியாது' என்று எழுத வேண்டும்.

உங்கள் ப்ராஜெக்ட் இங்கேதான் இருக்கிறதும்மா. ரேடாரில் இதே சோதனையை யாராவது எளிதாகச் செய்யும்படி ஆக்கித் தாருங்கள். ஒரு சின்ன உலோகத் தகடு, மார்பு அசையும் அளவுக்கு, மூச்சு வேகத்தில், முன்னும் பின்னும் போகிற மாதிரி ஒரு மோட்டார். அதைக் கயிற்றில் கட்டி ஏதாவது ஒரு சந்து வழியாக உள்ளே இறக்க வேண்டும். எத்தனை அடி இறங்கும்வரை ரேடாருக்குத் தெரிகிறது என்று பார்த்தால், அந்தக் குவியலில் அன்றைய ஈரத்தில் கருவியின் கண் எவ்வளவு தூரம் எட்டும் என்று தெரிந்துவிடும். திரையில் மூன்று பதில் வரட்டும்: இருக்கலாம், தெரியவில்லை, இவ்வளவு ஆழத்துக்குக் கீழே என்னால் பார்க்க முடியாது. 'இல்லை' என்ற பதிலே வேண்டாம்.

நாய் பற்றியும் கேட்டீர்கள். மேற்பரப்பை வேகமாக அலச நாயை மிஞ்ச இன்றுவரை ஒன்றும் வரவில்லை என்பதுதான் என் அபிப்பிராயம். துருக்கியில் காசியான்டெப் மாகாணத்தின் நூர்தாகியில், நம் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் ஜூலி ஆறு வயதுச் சிறுமி இருந்த இடத்தைக் காட்டியது. உடனே தோண்டிவிடவில்லை. ரோமியோ என்ற இன்னொரு நாயை விட்டுப் பார்த்தார்கள், அதுவும் அங்கேயே நின்றது. ஒரு நாய் சொன்னதை இரண்டாவது நாய் சொன்னால்தான் உறுதி. ஆனால் வாடை நேர்க்கோட்டில் மேலே வராது. காற்று போகிற சந்து வழியாக வளைந்து வந்து, ஆள் படுத்திருக்கும் இடத்துக்குச் சில அடி தள்ளிக்கூட வெளியேறும். அங்கேதான் உங்கள் ரேடாருக்கு வேலை. நாய் காட்டிய வட்டத்துக்குள் எங்கே துளை போடலாம் என்று அது சொல்ல வேண்டும். துளை போட்டுக் கம்பி முனையில் கேமராவை விட்டு முகத்தைப் பார்த்த பிறகுதான் கட்டரைக் கையில் எடுப்போம்.

வெப்பக் கேமராவைச் சேர்க்கச் சொல்லி யாராவது சொல்வார்கள். அது காங்கிரீட்டைத் துளைத்துப் பார்க்காது, வெளிப்பரப்பின் சூட்டைத்தான் காட்டும். நம் ஊர் வெயிலில் ஸ்லாப்பே ஜொலிக்கும்.

---

மூணாறு_லயம்

மேலே ஐயா எழுதியதைப் படித்துவிட்டு ஒன்று சேர்த்துச் சொல்லலாம் என்று தோன்றியது. தங்கச்சி, கட்டட இடிபாட்டையும் மலைச் சரிவையும் ஒரே கருவிக்குள் போட வேண்டாம்.

நான் எஸ்டேட் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள். இப்போது போடியில் இருக்கிறேன். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர் போனார்கள், எல்லோரும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மழையில் கரண்டும் இல்லை, போனும் இல்லை, வழியில் பெரியவரை பாலமும் போய்விட்டது. விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது, அதன் பிறகும் வண்டிகள் போய்ச் சேர நேரமானது. அந்த முதல் சில மணி நேரத்தில் அங்கே இருந்தது தப்பித்தவர்களின் கையும் மண்வெட்டியும்தான்.

காங்கிரீட் ஸ்லாப் சாய்ந்து விழுந்தால் அடியில் ஒரு பொந்து கிடைக்கும், அதில் காற்று இருக்கும். சேறு அப்படி இல்லை. சந்து பொந்து எல்லாவற்றையும் அடைத்துக்கொள்ளும், வீட்டையே இருந்த இடத்திலிருந்து தூக்கிக்கொண்டு போய்விடும். பெட்டிமுடியில் நிறைய உடல்கள் ஆற்றில் கிலோமீட்டர் கணக்கில் கீழே கிடைத்தன. வீடு இருந்த இடத்தில் ரேடாரை வைத்து என்ன பிரயோஜனம்? குவி என்று ஒரு வளர்ப்பு நாய், கூட விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையை ஆற்றோரத்தில் தேடிக் காட்டிக்கொடுத்தது. அதற்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

உங்கள் படிப்பால் எங்கள் மலைக்கு ஏதாவது செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு லயத்திலும் எந்த வீட்டில் எத்தனை பேர், அன்று ராத்திரி யார் யார் இருந்தார்கள் என்கிற கணக்கு, டவர் விழுந்தாலும் வெளியே கிடைக்கிற மாதிரி ஒரு வழி. விருந்தாட வந்த பிள்ளைகளின் பேர் எந்த மஸ்டர் புத்தகத்திலும், அதாவது எஸ்டேட்டின் வருகைப் பதிவேட்டிலும், இருக்காது. அந்த மாதிரி வந்தவர்களைத்தான் கடைசிவரை எண்ண முடியாமல் போகிறது.

---

சிங்கை_ராஜா

இங்கே சிங்கப்பூரில் கரப்பான்பூச்சி முதுகில் சென்சார் வைத்து அனுப்புகிறார்களே, அதைப் பற்றி யாரும் பேசவில்லையே? 2025 மார்ச் 28 மியான்மர் பூகம்பத்துக்கு 10 பூச்சிகளைக் கொண்டுபோனார்கள். மடகாஸ்கர் வகை, சுமார் 6 சென்டிமீட்டர் நீளம். முதுகில் இன்ஃப்ராரெட் கேமரா. போக வேண்டிய பக்கத்துக்கு மின்தூண்டல் கொடுத்துத் திருப்புவார்கள். நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் எச்டிஎக்ஸ் என்ற சிங்கப்பூர் அரசுத் தொழில்நுட்ப அமைப்பும் சேர்ந்து செய்தது. ஆள் யாரும் கிடைக்கவில்லை, ஆனால் நிஜமான பேரிடரில் இதைப் பயன்படுத்தியது அதுதான் முதல் தடவை என்றார்கள். இது ரேடாரைவிட மேல் இல்லையா?

---

தாமிரபரணி_இசிஇ

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஹாஸ்டல் அறையில் நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படித்தோம்.

மூணாறு அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் தலைப்பிலிருந்து 'நிலச்சரிவு' என்ற சொல்லை எடுத்துவிட முடிவு செய்துவிட்டோம். தெரியாத இடத்தில் வேலை செய்யும் என்று எழுதி வைக்கக் கூடாது. லயக் கணக்கு விஷயத்தை எங்கள் ஜூனியர் குழு ஒன்றிடம் சொல்லியிருக்கிறோம். டவர் இல்லாமல் கருவிக்குக் கருவி செய்தி கடத்தும் லோரா ரேடியோவில் அவர்களுக்கு ஏற்கெனவே ஆர்வம் உண்டு. உங்களிடம் சில விவரம் கேட்க வேண்டியிருக்கும், கேட்கலாமா?

விசில் ஐயா, அசையும் தகடு யோசனை எங்களுக்குப் பிடித்துவிட்டது. சின்ன செர்வோ மோட்டாரில் அலுமினியத் தகடு மாட்டி நேற்றே ஓட்டிப் பார்த்தோம். நிமிடத்துக்கு 15 அசைவு வைத்தால், காய்ந்த செங்கல் அடுக்குக்குப் பின்னால் தெரிகிறது, ஈரச் சாக்கைப் போர்த்தினால் மறைகிறது. ரிவ்யூவில் காட்டுவதற்கு இதுவே நல்ல ஆரம்பம் என்று கைடும் ஒத்துக்கொண்டார். கோவை அண்ணா சொன்னபடி கீழ் அலைவரிசை மாட்யூலும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டு சந்தேகம் ஐயா. உண்மையான இடிபாடு இல்லாமல் எங்கே, எப்படிச் சோதிப்பது? தகடு மனித மார்பு மாதிரியே நடந்துகொள்ளுமா?

---

பழைய_விசில்

இரண்டாவது கேள்வி நல்ல கேள்விம்மா. தகடு மார்பு ஆகாது. உலோகம் ரேடாருக்கு மிகப் பளிச்சென்று தெரியும், மனித உடம்பு அப்படித் தெரியாது. அதனால் தகடு 8 அடியில் தெரிந்தால் மனிதரும் 8 அடியில் தெரிவார் என்று எழுதிவிடாதீர்கள். தகடும் வைத்து, அதே இடத்தில் உங்களில் ஒருவரும் படுத்து, இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அளந்து, அந்த வித்தியாசத்தைக் கழித்துத்தான் திரையில் ஆழம் காட்ட வேண்டும். வேண்டுமானால் தகட்டைச் சின்னதாக்கிப் பாருங்கள். இதற்கு மேல் கணக்கு கோவைத் தம்பியின் வேலை.

சோதனைக்கு உங்கள் கல்லூரியில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தால் மேஸ்திரியிடம் பேசுங்கள். பெரிய ஹியூம் பைப் ஒன்று, ஆள் குனிந்து நுழைகிற அளவு. இரண்டு வாயும் திறந்திருக்கட்டும், ஒரு பக்கம் எப்போதும் ஆள் நிற்கட்டும், உள்ளே இருப்பவர் கையில் விசில் இருக்கட்டும். பைப்பின் மேல் நேராக எதையும் கொட்டாதீர்கள். ரேடார் பார்க்கும் பக்கவாட்டில் மட்டும், பைப்பைத் தொடாமல், உடைந்த செங்கல், கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பழைய ஸ்லாப் துண்டு, மணல் மூட்டை என்று சுவர் மாதிரி அடுக்குங்கள். முதலில் காய்ந்தபடி பாருங்கள், பிறகு குழாயைத் திறந்து நனைத்துப் பாருங்கள். ஆளை உண்மையில் புதைக்கிற எந்த வேலையும் கூடாது, ஒரு சாண் மண்ணாக இருந்தாலும்.

ஆள் உள்ளே இருக்கும்போது எத்தனை தடவை பார்க்கிறீர்களோ, ஆள் இல்லாமலும் அத்தனை தடவை பாருங்கள். லேப்டாப் முன்னால் உட்காருபவருக்கு உள்ளே ஆள் உண்டா இல்லையா என்று தெரியக் கூடாது. காசைச் சுண்டிப் போட்டு வேறொருவர் முடிவு செய்யட்டும். அப்போதுதான் கோட்டில் தெரிவது மூச்சா, பார்ப்பவரின் ஆசையா என்று பிரிக்க முடியும். பிறகு வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். பக்கத்தில் டேபிள் ஃபேன் ஓடட்டும், ஒரு துப்பட்டா காற்றில் ஆடட்டும், ரேடாருக்குப் பின்னால் இருவர் பேசிக்கொண்டு நிற்கட்டும். களத்தில் மூச்சு விடுபவர்களில் பெரும்பாலோர் இடிபாட்டுக்கு மேலே நிற்பவர்கள்தான். அவர்களை எத்தனை அடி பின்னால் நிறுத்தினால் உங்கள் கருவி ஒழுங்காகச் சொல்கிறது என்று அளந்து, அந்த எண்ணைக் கருவியின் மூடியில் பெரிதாக ஒட்டுங்கள். விசில் ஊதுகிற எனக்கு அந்த எண் ரேஞ்சைவிட அதிகம் உதவும்.

சிங்கைத் தம்பிக்கு: பூச்சி மேல் என்பதும் ரேடார் மேல் என்பதும் சரியான போட்டி இல்லை. கேமராக் கம்பி நுழையாத சந்தில் பூச்சி நுழையும், அது பெரிய விஷயம். கதவு மாதிரித் திறக்கிற பொந்து எங்கே இருக்கிறது என்று யாராவது முதலில் காட்டினால்தான் பூச்சியை எங்கே விடுவது என்று தெரியும். 2023 நவம்பரில் உத்தராகண்டில் சில்க்யாரா சுரங்கத்தில் 41 பேர் மாட்டிக்கொண்டபோது அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியும். அதனால்தான் 6 அங்குலக் குழாயை நேராக உள்ளே தள்ளி, கேமராவை அனுப்பி, முகங்களைப் பார்க்க முடிந்தது. இடம் தெரியாதபோது எல்லாக் கருவியும் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

ஒரு சின்ன விஷயம், ரிவ்யூவுக்கு முன்னாலேயே சரிசெய்யலாம். திரையில் எழுத்தைப் பெரிதாக்குங்கள், பொத்தான்களையும் பெரிதாக்குங்கள். களத்தில் அதைத் தொடுகிற கை தடித்த கையுறைக்குள் இருக்கும், கண்ணாடி முழுக்கத் தூசியாக இருக்கும், வெயில் நேராகத் திரையில் அடிக்கும். சோதனை நாளை முடிவு செய்ததும் இங்கேயே எழுதுங்கள். மைதானத்தில் நாங்கள் ஸ்லாப் அடுக்கும் முறையைப் படம் வரைந்து போடுகிறேன்.

---

மூணாறு_லயம்

தங்கச்சி, ஜூனியர் பிள்ளைகளைத் தாராளமாகக் கேட்கச் சொல். லயங்களில் இப்போது யார் கணக்கு வைத்திருக்கிறார்கள், கங்காணியா, சங்கமா, அங்கன்வாடி டீச்சரா என்று எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மாறும். அங்கன்வாடி டீச்சரிடமிருந்து தொடங்கச் சொல். எந்த வீட்டில் புதிதாக எந்தக் குழந்தை வந்திருக்கிறது என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.